தாயில்லாமல் ஒன்றாக வளரும் கோழிக்குஞ்சுகள்: அறிகுறியைப் பார்த்துக் குறையைத் தீர்க்கும் வழிமுறை

இன்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் புரூடரில், அதாவது பல்பால் சூடு தரும் குஞ்சு வளர்ப்பிடத்தில், விட்டு வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குஞ்சுகள் சோர்ந்தாலோ செத்தாலோ முதலில் தண்ணீரில் என்ன மருந்து கலக்கலாம் என்றுதான் நாம் யோசிக்கிறோம். முதல் மூன்று வாரங்களில் ஏற்படும் இழப்புகளில் பல நோயால் வருவதில்லை. குஞ்சுகள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறை எங்கேயோ அறுந்துபோவதால் வருகின்றன என்பது நான் கண்ட அனுபவம்.

அடைக்கோழியின் கீழ் பொரித்த குஞ்சுக்கு அதன் தாய் நான்கு காரியங்களைச் செய்கிறது: சூடு தருகிறது, இரையைக் காட்டுகிறது, உறங்க வைக்கிறது, அச்சம் தணிக்கிறது. புரூடரில் தொங்கும் பல்பு இவற்றில் முதல் ஒன்றை மட்டுமே செய்யும். மற்ற மூன்றையும் குஞ்சுகள் தங்களுக்குள்தான் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. தாயைப் பார்க்காமல் கண் விழிக்கும் குஞ்சு தன்னோடு பொரித்த குஞ்சுகளின் மீதே தன் பற்றை வைத்துவிடுகிறது. அவற்றின் குரல் கேட்டால் அமைதியாகிறது, அவை கொத்துவதைப் பார்த்துக் கொத்துகிறது, அவை படுத்தால் படுக்கிறது. ஆகவே எந்தக் குறையைக் கண்டாலும், இந்த நான்கில் எது குஞ்சுக்குக் கிடைக்காமல் போயிற்று என்று கேட்டுக்கொள்வதே சரியான தொடக்கம்.

எதையும் தொடுமுன் ஐந்து நிமிடம்

புரூடருக்கு அருகில் நிழல் விழாதபடி ஓரமாக உட்கார்ந்து, கையை உள்ளே விடாமல், முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நலமாக இருக்கும் குஞ்சுக் கூட்டத்திலிருந்து மெல்லிய, குறுகிய, ஏறுமுகமான சிலுசிலுப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும். துயரக் குரல் இதற்கு நேர்மாறானது: உரத்துத் தொடங்கிச் சுருதி இறங்கி முடியும், இடைவெளியில்லாமல் திரும்பத் திரும்ப வரும், கேட்பவரின் மனத்தைப் பிசையும். தாய்க்கோழி இருந்தால் இந்தக் குரலுக்குத்தான் அது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வரும். ஒரே ஒரு குஞ்சு இப்படிக் கத்தினால் அது கூட்டத்தை இழந்திருக்கிறது என்று பொருள். எல்லாக் குஞ்சுகளும் சேர்ந்து கத்தினால் கூட்டம் முழுவதும் எதையோ இழந்திருக்கிறது, பெரும்பாலும் சூட்டை. கூட்டம் மொத்தமும் ஓசையின்றி இருப்பதையும் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உறங்குகிறதா, வெப்பத்தில் வாடுகிறதா, அஞ்சி உறைந்திருக்கிறதா என்பதை அவை உட்கார்ந்திருக்கும் விதம் சொல்லிவிடும்.

குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குவிகின்றன

எல்லாக் குறைகளிலும் இதுவே மிக வேகமாக உயிரைப் பறிப்பது என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒட்டி உட்காருவது வேறு, குவிவது வேறு. குஞ்சுகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று உரசி, ஒரே அடுக்காக, கழுத்தைத் தரையில் நீட்டியோ அடுத்த குஞ்சின் முதுகில் சாய்த்தோ படுத்திருந்தால் அது ஆரோக்கியமான உறக்கம். அதைக் கலைக்கவே கூடாது. அவை ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, தலையை நடுவில் நுழைக்க முண்டி, இரண்டு மூன்று அடுக்காக எழும்பினால் அது குவியல். புதிதாகப் பொரித்த குஞ்சின் உடல் வெப்பம் பெரிய கோழியின் 41 டிகிரியைவிடக் குறைவு. பஞ்சு போன்ற தூவி மட்டுமே போர்த்தியிருப்பதால் அந்தச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் வரை முழுமையாக வருவதில்லை. குளிரும்போது அருகிலுள்ள உடலின் அடியில் நுழைவது அதன் பிறவிக் குணம். தாய் இருந்தால் அது இறக்கைக்கடியில் போய் முடியும். தாய் இல்லாதபோது உடன்பிறந்ததன் அடியில் போய் முடிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பத்து நாள் வயதான 80 குஞ்சுகளைச் சதுரமான மரப்பெட்டியில் விட்டிருந்தேன். நள்ளிரவுக்குப் பின் மின்சாரம் போயிருக்கிறது. நான் எழுந்தபோது மணி நாலரை. பெட்டியின் வடகிழக்கு மூலையில் குஞ்சுகள் ஒரு கூம்பு போலக் குவிந்திருந்தன. மேலே இருந்தவை கத்திக்கொண்டிருந்தன. அவற்றை இரு கையாலும் அள்ளி அள்ளி அகற்றியபோது, அடியில் 11 குஞ்சுகள் வியர்வையில் நனைந்தவை போலத் தூவி ஒட்டிப்போய், தட்டையாக, இன்னும் சூடாகவே கிடந்தன. குளிருக்கு ஒதுங்கியவை குளிரால் சாகவில்லை. தம் கூட்டாளிகளின் சூட்டிலும் எடையிலும் மூச்சுத்திணறிச் செத்திருந்தன. கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று நாம் சொல்வது தாய்க்கோழிக்குப் பொருந்தும். எங்கே கால் வைக்கிறோம் என்பது அதற்குத் தெரியும். குஞ்சு மிதித்தால் குஞ்சு சாகும் என்பதை அன்று கற்றேன்.

குவியலைக் கண்டவுடன் செய்ய வேண்டியது, அடியில் இருப்பவற்றை முதலில் மீட்பதுதான். மேலே உள்ளவற்றைப் பெட்டியின் மறுபக்கத்துக்கு அகற்றிவிட்டு, துவண்டு கிடப்பவற்றை வெதுவெதுப்பான துணியில் தனித்தனியாகப் பரப்பிக் காற்றுப்படும்படி வைத்தால் சில பிழைத்துக்கொள்ளும். பிறகு காரணத்தைத் தேட வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு உயரத்தில் வெப்பம் 35 டிகிரி அளவில் இருக்க வேண்டும். அதன்பின் வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குண்டு பல்பு என்றால் குஞ்சு ஒன்றுக்கு 1 முதல் 2 வாட் என்று கணக்கிடுவது வழக்கம். வெப்பமானியைச் சுவரில் மாட்டிப் பார்த்துப் பயனில்லை. அதைக் கூளத்தின் மேல், பல்புக்கு நேர்கீழே ஒரு முறையும் ஓரத்தில் ஒரு முறையும் வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பம் சரியாக இருந்தும் எப்போதும் ஒரே பக்கமாகக் குவிந்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. நனைத்த புறங்கையைத் தரையோரமாகப் பிடித்துப் பார்த்தால் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். அந்தப் பக்கம் தரையோடு ஒட்டிச் சாக்குப் படுதாவைத் தொங்கவிடுங்கள். மேல்பகுதியை மூடிவிடாதீர்கள், கெட்ட காற்று வெளியேற வழி வேண்டும்.

வெப்பமும் காற்றும் சரியாக இருந்து, பகலில் திடீரென்று குவிந்தால் காரணம் அச்சம். பூனை எட்டிப் பார்த்திருக்கலாம், தகரக் கூரையில் தேங்காய் விழுந்திருக்கலாம், எலி உள்ளே வந்து போயிருக்கலாம். தாய் இல்லாத குஞ்சுக்கு ஓடி ஒளிய ஓர் இடம் தெரியாது. எல்லாம் ஒரே மூலையை நோக்கித்தான் ஓடும். அதனால்தான் மூலையே இல்லாத வட்டமான தடுப்பு, ஒன்று முதல் ஒன்றரை அடி உயரமுள்ள தகரத்தாலோ அட்டையாலோ வளைத்து நிறுத்துவது, இத்தனை முக்கியமாகிறது. பெட்டிதான் வேண்டும் என்றால் நான்கு மூலைகளிலும் அட்டையை வளைத்துச் செருகி மழுங்கச் செய்துவிடுங்கள்.

மின்தடைக்கு முன்னேற்பாடாகக் கரிச்சட்டி வைப்பவர்கள் உண்டு. அடைத்த அறையில் கரி புகைந்தால் மணமில்லாத நச்சு வாயு சேரும். குஞ்சும் சாகும், அதே அறையில் படுத்திருக்கும் மனிதரும் சாகக்கூடும். அதற்கு மாறாக, சுடுதண்ணீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களைப் பழந்துணியில் சுற்றிக் கூட்டத்தின் நடுவே படுக்க வைத்தால், குஞ்சுகள் ஒரே மூலைக்குப் போகாமல் அவற்றின் இரு பக்கமும் வரிசையாக ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன.

எல்லாம் பல்பை விட்டு விலகி, வாய் திறந்து நிற்கின்றன

இது வெப்ப மிகுதி. இறக்கையைத் தளர்த்தி, கழுத்தை நீட்டி, ஓசையில்லாமல் இரைக்கும். பல்பை உயர்த்துங்கள் அல்லது ஒன்றை அணையுங்கள், தண்ணீரை ஓரத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் முதல் வாரத்துக்குப் பிறகு பகலில் பல்பே தேவைப்படாத நாட்கள் பல உண்டு. பல்புக்குச் சற்றுத் தள்ளி, வட்டம் முழுவதும் பரவி, சில தின்றும் சில உறங்கியும் இருப்பதே சரியான நிலை.

ஒரு குஞ்சு மட்டும் தனியே நின்று ஓயாமல் கத்துகிறது

அதைக் கையில் எடுத்து உள்ளங்கையால் மூடுங்கள். சில நொடிகளில் கத்தல் அடங்கிச் சிலுசிலுப்பாக மாறினால் உடம்பில் கோளாறு இல்லை. அதற்கு வேண்டியது துணை. கத்தல் அடங்காமலோ, குரலே மெலிந்தோ இருந்தால் தொப்புளையும் எச்சத்துவாரத்தையும் கால்களையும் பார்க்க வேண்டும். தொப்புள் மூடாமல் ஈரமாகவும் கெட்ட வாடையுடனும் இருந்தால் அது தொற்று. மருத்துவரிடம் காட்ட வேண்டிய ஒன்று. கால்கள் இரு பக்கமும் விரிந்து எழ முடியாமல் கிடந்தால், வழுக்கும் செய்தித்தாளின் மேல் விட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் மெல்லிய ஒட்டுத்துணியால் இணைத்து இரண்டு முதல் நான்கு நாட்கள் விட்டால், முதல் வாரத்துக்குள் தொடங்கியிருந்தால், பல குஞ்சுகள் நடந்துவிடும்.

இப்படிச் சிகிச்சை தேவைப்படும் குஞ்சை வேறு அறைக்குக் கொண்டுபோய்த் தனிப்பெட்டியில் வைப்பதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. குஞ்சு தனிமையில் தின்பதில்லை; கத்திக் கத்தியே தன் சக்தியை எரித்துவிடுகிறது. தொற்றுநோய் என்ற ஐயம் இல்லாவிட்டால், அதே வட்டத்துக்குள் சதுரக் கம்பிவலையால் ஒரு சிறு தடுப்பு அமைத்து, கூட்டத்தைப் பார்க்கவும் கேட்கவும் முடியும்படி அதில் வையுங்கள்; கொத்து வாங்காது, துணையும் இழக்காது. அதோடு சாதுவான குஞ்சு ஒன்றைக் கூட விட்டால் இன்னும் நல்லது. குணமாகித் திரும்பும்போது கூட்டம் அதை அந்நியமாகப் பார்க்காது என்பது கூடுதல் நன்மை.

இன்குபேட்டரில் ஒரே ஒரு குஞ்சு மட்டும் பொரித்தவர்களின் நிலை இன்னும் கடினமானது. அன்றைக்கோ மறுநாளோ அதே வயதுக் குஞ்சு ஒன்றையாவது எங்கிருந்தாவது வாங்கி வந்துவிடுங்கள். அதுவரை, குஞ்சின் உயரத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, மேலிருந்து மென்மையான துணிக்கீற்றுகளைத் தொங்கவிட்டால் கத்தல் வெகுவாகக் குறையும். கண்ணாடியில் தெரியும் உருவத்தின் அருகிலேயே படுத்து உறங்கும் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணாடி சூடு தராது, இரை காட்டாது. இரண்டு நாட்களுக்கு மேல் அதை நம்பியிருக்கக் கூடாது.

தீவனம் இருந்தும் சில குஞ்சுகள் தின்னாமல் மெலிகின்றன

பொரிக்கும்போது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவின் எச்சம் இரண்டு மூன்று நாட்களுக்குக் குஞ்சைத் தாங்கும். அதற்குள் தின்னக் கற்றாக வேண்டும். தாய்க்கோழி இரையைக் கொத்திப் போட்டுக் கொக்கொக்கென்று அழைத்துக் கற்றுக்கொடுப்பதை, இங்கே முதலில் துணிந்து கொத்தும் ஓரிரு குஞ்சுகள் செய்கின்றன. ஒன்று கொத்தும் ஓசை கேட்டால் பக்கத்திலுள்ளது அதே இடத்தில் கொத்தும். ஆகவே முதல் இரண்டு நாட்களுக்குத் தீவனத்தை ஆழமான பாத்திரத்தில் வைக்காமல், சொரசொரப்பான அட்டையின்மேல் தூவுங்கள். கொத்தும்போது டக்டக்கென்று ஓசை எழும், அந்த ஓசையே மற்றவற்றை அழைத்துவரும். விரல் நகத்தால் அட்டையை நீங்களே தட்டினாலும் ஓடி வருவதைக் காணலாம். பின்தங்கும் குஞ்சுகளை நான்கைந்தாகப் பிரித்து, நன்றாகத் தின்னும் இரண்டோடு சேர்த்துச் சிறு வட்டத்தில் அரை நாள் விட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு மட்டும் ஒவ்வொரு குஞ்சின் அலகு நுனியையும் ஒருமுறை நனைத்து விடுவது நல்லது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போட்டிருந்தால், கூட்டமாக முண்டியடிக்கும்போது எதுவும் விழுந்து நனையாது.

உறங்கும் குஞ்சுகளை மற்றவை மிதித்தும் கொத்தியும் எழுப்புகின்றன

பலர் இதைக் கவனிப்பதே இல்லை. தாய்க்கோழி சற்று நேரம் மேய்த்துவிட்டு, உட்கார்ந்து இறக்கையை விரித்து, எல்லாக் குஞ்சுகளையும் ஒரே சமயத்தில் உறங்க வைக்கும். இறக்கைக்கடியில் இருட்டும் உண்டு. இருபத்து நான்கு மணி நேரமும் பல்பு எரியும் புரூடரில் ஒவ்வொரு குஞ்சும் ஒவ்வொரு நேரத்தில் உறங்க முயலும். விழித்திருப்பது உறங்குவதன் மேல் ஏறி நடக்கும், அதன் கால் விரலையும் மூடிய கண்ணையும் கொத்திப் பார்க்கும். இப்படி உறக்கம் கெட்ட கூட்டத்தில் வளர்ச்சி ஏறுக்குமாறாக இருக்கும், கொத்தும் பழக்கமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பெரிய முட்டைக்கோழிப் பண்ணைகளில் முதல் வாரம் 4 மணி நேரம் வெளிச்சம், 2 மணி நேரம் இருட்டு என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது, கூட்டம் முழுவதையும் ஒன்றாக உறங்கவும் ஒன்றாகத் தின்னவும் பழக்குவதற்காகத்தான்.

வீட்டளவில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. புரூடரின் ஒரு பகுதியில், குஞ்சுகளின் முதுகைத் தொடும் உயரத்தில் ஓர் அட்டையைக் கூரை போல வைத்து, அதன் விளிம்பில் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டு, வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் வெப்பக்குமிழ் கிடைத்தால் அட்டையைத் தொடாதபடி அதன் மேற்புறம் பாதுகாப்பாக மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் துணியில் சுற்றிய சுடுநீர்ப் பாட்டிலே போதும். உறங்க வேண்டியவை இருட்டுக்குள் போய்விடும், விளையாட வேண்டியவை வெளியே இருக்கும். இப்படி இருட்டிடம் கொடுத்து வளர்த்த குஞ்சுகளிடம் இறகு கொத்தும் பழக்கம் குறைவாக இருப்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. என் கையால் செய்த எல்லா மாற்றங்களிலும் அதிகப் பலன் தந்தது இந்தத் துணிக்கீற்றுக் கூரைதான் என்பேன்.

ஒன்றையொன்று கொத்தி இரத்தம் வரவைக்கின்றன

கொத்துப்பட்ட இடம் எது என்று பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். கால் விரல் என்றால் பசி, அல்லது தீவனத் தட்டு எட்டாத தொலைவில் இருக்கிறது. எச்சத்துவாரம் என்றால் அங்கே எச்சம் ஒட்டிக் காய்ந்து மற்றவற்றின் கண்ணை ஈர்க்கிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும், பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். முதுகும் வால் அடியும் என்றால் நெரிசல், அதிக வெளிச்சம், தீவனத்தில் புரதமோ உப்போ குறைவு ஆகிய மூன்றில் ஒன்று. நான்கு வாரம் வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடி, அதன்பின் எட்டு வாரம் வரை ஒரு சதுர அடி என்பது குறைந்தபட்ச அளவு. வெறும் நொய்யும் தவிடும் போட்டு வளர்க்கும் குஞ்சுகள் புரதத்துக்காக உடன்பிறந்ததன் இறகைத் தின்னத் தொடங்குவது இயல்பே. முதல் வாரங்களில் 20 சதவீத அளவு புரதமுள்ள குஞ்சுத் தீவனம் அவசியம்.

இரத்தம் தெரிந்த குஞ்சை அந்த நொடியே வலைத்தடுப்புக்குள் மாற்றிவிடுங்கள். சிவப்பைக் கண்டால் கூட்டம் முழுவதும் அதையே கொத்தும். காயத்தின் மேல் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம். நிறமும் மறையும், கசப்பால் கொத்தும் நிற்கும். வெள்ளைப் பல்புக்குப் பதில் சிவப்புப் பல்பை மாட்டினால் இரத்தம் பளிச்சென்று தெரியாது. கீரைக்கட்டைக் குஞ்சுகள் எம்பிக் கொத்தும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அலகுக்கு வேலை கிடைக்கும். இவற்றைச் செய்யாமல் அலகை வெட்டுவது, நாம் செய்த பிழைக்குக் குஞ்சைத் தண்டிப்பதாகும்.

இரண்டு மூன்று வாரக் குஞ்சுகள் எதிரெதிரே நின்று கழுத்தை உயர்த்தி, நெஞ்சோடு நெஞ்சு மோதி, மறுநொடி ஒன்றாகத் தின்னப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் கோழிகளிடம் கண்டு எழுதிய கொத்து வரிசை, யார் யாருக்கு விலகுவது என்ற ஒழுங்கு, இப்படித்தான் உருவாகத் தொடங்குகிறது. இதில் தலையிடக் கூடாது.

புதிதாக விட்ட குஞ்சுகளைப் பழைய கூட்டம் விரட்டுகிறது

சில நாட்கள் சேர்ந்திருந்தாலே குஞ்சுக்குத் தன் கூட்டாளி யார், அந்நியன் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு கண்ணை மறைத்துச் செய்த ஆய்வுகளில், இடது கண்ணால் பார்க்கும் குஞ்சு அறிந்த முகத்தையும் அறியாத முகத்தையும் பிரித்தறிவதும், வலது கண்ணால் மட்டும் பார்ப்பது அதில் தடுமாறுவதும் தெரியவந்தது. புதிய குஞ்சை விட்டவுடன் பழையவை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் உற்றுப் பார்ப்பதை நீங்களும் காண முடியும்.

ஒரு வாரத்துக்கு மேல் வயது வேறுபாடு இருந்தால் நேரடியாகச் சேர்க்காதீர்கள். கம்பிவலைத் தடுப்பின் இருபுறமும் வைத்து, இரு பக்கத்துத் தீவனத் தட்டுகளையும் வலையோடு ஒட்டி வைத்தால், சில நாட்களில் இரு கூட்டமும் வலையின் இருபுறமும் ஒட்டிப் படுக்கத் தொடங்கும். அந்தக் காட்சியைக் கண்ட பிறகுதான் தடுப்பை எடுக்க வேண்டும். அதுவும் இருட்டிய பின், எல்லாம் படுத்த நேரத்தில். ஒற்றைக் குஞ்சாகச் சேர்க்காமல் இரண்டு மூன்றாகச் சேர்த்தால் அவற்றுக்குள் ஆறுதல் இருக்கும். விரட்டுவது ஒரே ஒரு குஞ்சு என்றால், புதியதை அல்ல, அந்த விரட்டும் குஞ்சையே ஒரு நாள் வலைக்குள் வையுங்கள்.

இதற்கு மாறான காட்சியையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்து வாரக் குஞ்சுகள் சிலவற்றின் வயிற்றுக்கடியில் பச்சைக் குஞ்சுகள் நுழைந்தபோது, பெரியவை கொத்தாமல், சற்றே எழும்பி இடம் கொடுத்து, இறக்கையைத் தளர்த்தி உட்கார்ந்துகொண்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சூடு சரியாக இருந்து நெரிசலும் இல்லாதபோதே இது நடக்கிறது. அப்படி ஒரு குஞ்சு உங்களிடம் இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள். தனித்துக் கத்தும் குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

அடைக்கோழி குஞ்சுகளை ஏற்கவில்லை, அல்லது குஞ்சுகள் கோழியை ஏற்கவில்லை

இரண்டும் வெவ்வேறு குறைகள். கோழி கொத்தினால், அது அடையில் போதிய நாள் உட்காரவில்லை அல்லது பகலில் குஞ்சை விட்டிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அடையிருந்த கோழியின் அடியில், இரவில், வெளிச்சமில்லாமல், ஒரு முட்டையை எடுத்துவிட்டு ஒரு குஞ்சை வைப்பது என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். விடியும்போது குஞ்சின் குரலை அதன் அடிவயிறு அறிந்திருக்கும். ஏற்கெனவே தன் குஞ்சுகளோடு மேயும் கோழி, நிறம் மாறுபட்ட அந்நியக் குஞ்சை அடையாளம் கண்டு விரட்டக்கூடும்.

குஞ்சு கோழியைக் கண்டு ஓடினால், வயது கடந்துவிட்டது. டக்ளஸ் ஸ்பால்டிங் என்பவர் 1873இல் வெளியிட்ட கட்டுரையில், பொரித்தவுடன் கண்ணை மூடி வைத்த குஞ்சுகளில் விரைவில் கண் திறக்கப்பட்டவை தம்மைப் பின்தொடர்ந்ததையும், ஏறக்குறைய நான்கு நாள் மூடி வைக்கப்பட்டவை தம்மைக் கண்டு அஞ்சி ஓடியதையும் பதிவு செய்தார். 1935இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லாரன்ஸ் வாத்து இனக் குஞ்சுகள் உள்ளிட்ட பறவைகளைக் கொண்டு விரிவாக விளக்கியதும், முதலில் கண்டதன்மேல் பற்று வைக்கும் இந்த மனப்பதிவையே. பொரித்த முதல் இரண்டு மூன்று நாட்களில் யாரைக் கண்டதோ அவரே தாய். அதன்பின் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. ஆகவே வாங்கி வரும் குஞ்சுகளை அடைக்கோழியிடம் விடுவதானால், ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வயதுக்குள் விடுங்கள். ஒரு வாரக் குஞ்சு தன் கூட்டாளிகளையே தாயாகக் கொண்டுவிட்டது. அதைப் பஞ்சாரத்தில் கோழியோடு போட்டுக் கவிழ்ப்பதால் இருவருக்கும் துன்பம்தான்.

குஞ்சு ஒடுங்கி நிற்கிறது, ஆனால் இது குளிரல்ல

சூடு சரியாக இருந்தும், இறகைச் சிலுப்பிக்கொண்டு, கண் மூடி, கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கும் குஞ்சு நோயுற்றிருக்கிறது. மூன்று முதல் ஆறு வார வயதில் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது இரத்தக் கழிச்சல். ஈரமான கூளமே அதை வளர்க்கிறது. பல குஞ்சுகளுக்கு ஒரே நேரத்தில் கழிச்சல் கண்டு, மூச்சுத் திணறி, கழுத்து முறுக்கிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். ஏழாம் நாளை ஒட்டிக் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தைத் தவறவிட்ட கூட்டங்களில் இது பேரழிவு செய்யும். முன்பு சொன்ன வலைத்தடுப்பு இங்கே பொருந்தாது. நோய்க் குஞ்சை வேறு இடத்துக்கே மாற்றி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புரூடரிலிருந்து கொட்டகைக்கு மாற்றிய முதல் இரவில் இறப்பு

ஐந்து ஆறு வாரத்தில் இறகு முளைத்து, பல்பு தேவையில்லாமல், பகலெல்லாம் நன்றாக மேய்ந்த கூட்டத்தில், மாற்றிய மறுநாள் காலை மூலையில் நான்கைந்து செத்துக் கிடப்பதைக் கண்டு பலர் பாம்பையும் கீரியையும் சந்தேகிக்கிறார்கள். உடலில் காயமில்லாமல் தட்டையாக இருந்தால், அவை முதல் வாரத்தில் நடக்கும் அதே குவியலில்தான் செத்திருக்கின்றன. பழகிய வட்டமும் வெளிச்சமும் இல்லாத புதிய இருட்டில், பெரிய குஞ்சுகளும் பச்சைக் குஞ்சுகளைப் போலவே கூட்டாளிகளின் அடியில் நுழையப் பார்க்கின்றன. இப்போது எடையும் கூடியிருக்கிறது. மாற்றும் நாளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கூளத்தில் ஒரு கூடை அள்ளிப் புதிய தரையில் தூவுங்கள். உறங்கப் பழகிய துணிக்கீற்றுக் கூரையையும் கூடவே கொண்டுபோய் வையுங்கள். கொட்டகையின் மூலைகளை வைக்கோல் சாக்குகளால் அடைத்துவிட்டு, மங்கலான ஒரு விளக்கைச் சில இரவுகளுக்கு எரியவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் பத்து மணிக்கு ஒருமுறையும் டார்ச்சோடு போய், மூலையில் ஏறிக் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் பரப்பி வைத்துவிட்டு, அவை மறுபடி ஓரடுக்காக ஒட்டிப் படுக்கும்வரை அங்கேயே சற்று நில்லுங்கள். பெரும்பாலும் மூன்றாம் இரவில் நீங்கள் போகும்போது, அவை தாமாகவே அப்படிப் படுத்திருக்கும்.